வாய் "வேணாம்"ங்குது, கை மாவுக்குள்ள போகுது... உங்க வீட்டு வாண்டுங்க எப்படி?

மாவுச்சட்டி அம்மா:

நேத்து சாயங்காலம் நடந்தது. கிரைண்டர்ல இருந்து மாவை வழிச்சு சட்டில போட்டுட்டு உப்பு எடுக்க திரும்புனேன், அவ்ளோதான், எங்க வீட்டு பெரிய மனுஷன் (22 மாசம்) சட்டி முன்னாடி குத்த வெச்சு உக்காந்தாச்சு. நான் சத்தம் போடல, என்னதான் பண்றான்னு பாத்தேன். "மாணாம்... தம்பி மாணாம்... அம்மா அதி"ன்னு என்னை மாதிரியே விரலை ஆட்டி தனக்குத்தானே சொல்லிக்கிறான், தலையும் ஆடுது, இன்னொரு கை அது பாட்டுக்கு மெதுவா மாவுக்குள்ள போகுது, மணிக்கட்டு வரைக்கும். போனப்புறம் என்னை ஒரு பார்வை பாத்தான் பாருங்க, ஏதோ வேற யாரோ பண்ண மாதிரி 😄

எனக்கு சிரிப்பு. ஆனா மாமியார், "தப்புன்னு தெரிஞ்சே பண்றான் பாரு, இதுக்கு பேருதான் திமிரு, இப்பவே ரெண்டு போட்டு வெச்சாத்தான் அடங்குவான்"னாங்க. போன வாரம் சார்ஜர் வயரை இழுத்ததுக்கு நானும் கையில ஒண்ணு போட்டுட்டேன், அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. தெரிஞ்சே பண்றானா, இல்ல தெரிஞ்சும் முடியலையா? உங்க வீட்டுல நடந்ததை சொல்லுங்களேன்.

நைட் ஷிஃப்ட் அப்பா:

என் பொண்ணுக்கு 9 மாசம். பகல்ல அவ என் பொறுப்பு, பைக் சாவின்னா அவளுக்கு உசுரு. சாவியை சிவப்பு துண்டுக்கு அடியில ஒளிச்சேன், எடுத்துட்டா. மறுபடி அங்கயே வெச்சேன், எடுத்துட்டா. மூணாவது தடவை அவ பாக்கப் பாக்க பக்கத்துல இருந்த வெள்ளை துண்டுக்கு அடியில வெச்சேன். நேரா போய் சிவப்பு துண்டை தூக்குறா! பாப்பாவுக்கு ஏதாவது பிரச்சனையோன்னு பயந்து தேடிப் படிச்சா, இதை குழந்தைங்க மனசை ஆராய்ச்சி பண்ண ஜான் பியாஜே எப்பவோ எழுதி வெச்சிருக்காரு, அந்த வயசுல எல்லா புள்ளையும் பண்றதுதானாம்.

அப்புறம் அடீல் டயமண்ட்னு ஆராய்ச்சி பண்ற ஒரு அம்மா, ஒளிச்சு வெச்சதும் உடனே எடுக்க விடாம கொஞ்ச நேரம் புடிச்சு வெச்சு பாத்திருக்காங்க. ஏழரை மாசத்துல 2 செகண்ட் கூட தாங்காதாம், பழைய எடத்துக்கே கை போயிடும். மாசத்துக்கு சராசரியா 2 செகண்ட் கூடிக்கிட்டே வந்து ஒரு வயசுல 10 செகண்டுக்கு மேல போகுமாம். நமக்குத்தான் பகல்ல வேலை இல்லையே, நானும் கையை புடிச்சுக்கிட்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி எண்ணி பாத்தேன். மூணு எண்ணி விட்டா கரெக்டா எடுக்குறா, ஆறு எண்ணிட்டா பழைய துண்டு. இதுல எனக்கு தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, ரெண்டு தடவை அவ கண்ணு வெள்ளை துண்டு மேலயே இருந்துச்சு, கை மட்டும் சிவப்புக்கு போச்சு. உங்க பையன் மாவு கதையும் இதேதான்னு தோணுது. கண்ணுக்கு தெரிஞ்சது கைக்கு இன்னும் போய் சேரல.

திருச்சி டீச்சர்:

20 வருஷமா நர்சரி புள்ளைங்களோட மாரடிக்கிறவ சொல்றேன், திமிரு இல்லம்மா. எங்க க்ளாஸ்ல சிவப்பு பூ, நீல பூ, சிவப்பு மீன், நீல மீன்னு அட்டை வெட்டி வெச்சிருக்கேன். முதல்ல கலர் பாத்து பிரிக்கணும், மூணு வயசு வாண்டு கூட டக்கு டக்குன்னு போட்டுடும். அப்புறம், "இப்ப கலர் ஆட்டம் முடிஞ்சிருச்சு, இனிமே பட ஆட்டம், பூவெல்லாம் இங்க மீனெல்லாம் அங்க"ன்னு சொல்லணும். ஒரு பொண்ணுகிட்ட "மீன் எங்க போகும்?"னு கேட்டேன், சரியான டப்பாவை காட்டுனா. "அப்ப இந்த மீனை போடு"ன்னு கையில குடுத்தேன், பழையபடி கலர் டப்பாவுல போட்டுட்டு பெருமையா நிக்கிறா! நாலஞ்சு வயசாகும்போது இதே பொண்ணு அசால்ட்டா மாத்திடும், நாம ஒண்ணும் சொல்லித்தர வேண்டியதில்ல. பிலிப் ஸெலாஸோன்னு ஒருத்தர் இதை வெச்சே நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காரு, எங்களுக்கு ட்ரெயினிங்ல சொன்னாங்க.

உங்க பையன் வாயால "வேணாம்" சொல்லிக்கிட்டே கை விட்டான்ல, அதுக்கும் ஒண்ணு இருக்கு. ரஷ்யாவுல லூரியான்னு ஒரு டாக்டர் சின்னப் புள்ளைங்க கையில ரப்பர் பந்தை குடுத்து, ஒரு கலர் லைட்டுக்கு "அமுக்கு", இன்னொரு கலருக்கு "அமுக்காதே"ன்னு அவங்களையே சொல்ல வெச்சாரு. மூணு வயசுக்காரங்க "அமுக்காதே"ன்னு சொல்லிக்கிட்டே அமுக்குச்சுங்க 😂 சத்தம் மட்டும்தான் கையை உசுப்பி விடுது, அர்த்தம் பின்னாடி மெதுவா வருது. அதனால நான் க்ளாஸ்ல "ஓடாதே"ன்னு சொல்றதே இல்ல, "ஆமை மாதிரி நட"ம்பேன். ஒரு வேலையை நிறுத்துறதை விட வேற வேலை பண்றது அதுங்களுக்கு லேசு.

நெத்திக்கு பின்னாடி இருக்கிற மூளைதான் இதுக்கெல்லாம் ப்ரேக்கு. அது முழுசா முதிர 25 வயசு கிட்ட ஆயிடுமாம். எங்க வீட்டுக்காரருக்கு 51, இன்னும் டவுட்டாத்தான் இருக்கு.

கும்பகோணம் பாட்டி:

டீச்சரம்மா சொல்றது சரிதான், ஆனா நாங்க எதுவும் சொல்லித்தரவே இல்லன்னு நெனச்சுக்காதீங்க. பருப்பு கடைஞ்சு விளையாடுறப்ப நண்டூருது நரியூருதுன்னு விரலை கை மேல ஏத்திக்கிட்டே போவோமே, அக்குள் கிட்ட வந்ததும் கொஞ்சம் நிறுத்தணும். அந்த நிறுத்துறதுலதான் இருக்கு விஷயம். புள்ள மூச்சை புடிச்சுக்கிட்டு காத்திருக்கும். என் பேத்தி ஆறு மாசத்துல கையை இழுத்துக்கும், ஒரு வயசுல கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டிக்கிட்டே இருந்தா.

பிள்ளையார் சதுர்த்திக்கு கொழுக்கட்டை வேகுற வாசனை வந்துரும், தீபாராதனை ஆகுற வரைக்கும் கை வைக்கக்கூடாது. நாலு வயசு பேரன் போன வருஷம் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். ஏண்டான்னா "பாத்தா வாய் கேக்குது பாட்டி"ங்கறான்.

ஒசாகா தம்பி:

பாட்டி, உங்க பேரன் வேற லெவல்! அமெரிக்காவுல வால்டர் மிஷெல்னு ஒரு ஆராய்ச்சியாளர் மிட்டாயை முன்னாடி வெச்சுட்டு, திங்காம பொறுத்தா இன்னும் தரேன்னு சொல்லி காக்க வெச்சாரே, அதுலயும் கண்ணை மூடிக்கிட்ட, பாட்டு பாடிக்கிட்ட புள்ளைங்கதான் ரொம்ப நேரம் தாங்குச்சு. இங்க என் பையன் டேகேர்ல எல்லாருக்கும் பரிமாறி முடிச்சு "இததாகிமாஸ்" (சாப்பிடுறதுக்கு முன்னாடி இங்க சொல்ற நன்றி) சொன்னப்புறம்தான் சாப்பாட்டுல கை வைக்கணும், ரெண்டு வயசுலயே பழகிட்டான். 2022ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. ஜப்பான் புள்ளைங்க சாப்பாட்டுக்கு ரொம்ப நேரம் காத்திருந்துச்சு, அமெரிக்க புள்ளைங்க பேப்பர் சுத்துன கிஃப்டை பிரிக்காம ரொம்ப நேரம் காத்திருந்துச்சு. வீட்டுல எதுக்கு காத்திருந்து பழகுச்சோ அதுல கெட்டி, அவ்ளோதான். இவன் கிஃப்ட் பார்சலை கதவுகிட்டயே கிழிச்சுடுவான்.

ரெண்டு புள்ள அப்பா:

நான் ஒரு தப்பு பண்ணேன், சொல்லிடறேன். பெரியவன்கிட்ட "அழுவாம இரு, சாயங்காலம் கிரேயான் வாங்கியாறேன்"னு மூணு நாள் சொல்லி மூணு நாளும் மறந்துட்டேன். நாலாவது நாள் "ஒரு பிஸ்கட் இப்ப, அம்மா வந்ததும் ரெண்டு"ன்னேன், டப்பாவையே தூக்கிட்டு ஓடிட்டான். எனக்கு கோவம். அப்புறம்தான் 2013ல வந்த ஒரு ஆராய்ச்சியை படிச்சேன். படம் வரைய நல்ல சாமான் கொண்டாறேன்னு சொல்லி வெறுங்கையோட வந்த ஆளு மிட்டாய் வெச்சப்ப புள்ளைங்க சராசரியா 3 நிமிஷம்தான் பொறுத்துச்சு, சொன்னபடி கொண்டாந்த ஆளு வெச்சப்ப 12 நிமிஷம். என் பையன் கணக்கு சரியாத்தான் போட்டிருக்கான், ஆளை பாத்து.

மாவுச்சட்டி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மாமியார்கிட்ட துண்டு சாவி கதையை படிச்சு காட்டுனேன், "அது ஒன்பது மாசம், இவன் ரெண்டு வயசு கழுதை"ன்னாங்க, ஆனா அப்புறம் அவங்களே சட்டியை மேடை மேல தூக்கி வெச்சுட்டாங்க. சார்ஜரும் மேல போயாச்சு.

டீச்சர் சொன்ன மாதிரி "தொடாதே"வை விட்டுட்டு "கையை பின்னாடி கட்டு"ன்னு ஒரு வாரமா விளையாட்டா பழக்குறேன். இன்னைக்கு காலையில தோசைக்கு மாவை கீழ வெச்சு கரைச்சுட்டு இருந்தேன். வந்தான். நான் சொல்றதுக்கு முன்னாடியே "கை கத்து, கை கத்து"ன்னு ரெண்டு கையையும் பின்னாடி கொண்டு போய் கோத்துக்கிட்டான். எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்படியே கையை கட்டுன மேனிக்கு குனிஞ்சான், குனிஞ்சான்... மூக்கு நுனியில மாவு 🤦‍♀️