பொருள்: கான்வென்ட் மாடித் தளம் – பணம் அனுப்புமுன்

எல்லோருக்கும் வணக்கம். நம் கான்வென்ட் பள்ளியின் மாடித் தளத்தைச் சரிசெய்யப் பணம் கேட்டு வந்த வேண்டுகோளுக்கு இது என் பதில்.

பெரம்பூர் சித்தி கான்வென்ட்டுக்குப் போய்வந்து போனில் அழுதார். சிஸ்டர்கள் தங்கியிருந்த மாடிக் கூடத்தில்தான் இப்போது ஆறாம் வகுப்பு. தண்ணீர் இறங்கி, ஒரு தேக்கு உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் விரலால் அழுத்தினாலே உதிர்கிறதாம். கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மஸ்கட் அண்ணா, சிமென்ட் கான்கிரீட் போட்டு மூடத்தான் பணம் என்றால் நான் ஒரு ரூபாய் தரமாட்டேன். அது மெட்ராஸ் டெரஸ். உத்தரங்களின்மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி, குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். சுண்ணாம்பு வாங்கிய ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விடாது, ஈரம் மரத்திலேயே தங்கும். கூடுதல் பாரமும் அந்த உளுத்த உத்தரத்தின்மேல்தான். பாரிமுனைப் பக்கம் அப்படி இறங்கிய வீடுகளை அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். கான்வென்ட் மாடிக்கு அரைக் கூலிக்குத் தட்டோடு பதித்தவர் அவர். ஆண்டு மலரில் கல்கண்டு கொடுத்தவர் பெயர்கூட வந்தது, அவர் பெயர் வரவில்லை. அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேண்டுகோளின் முதல் பத்தியையும் எடுத்துவிடுங்கள். 1842இல் வந்தவர்கள் நம் சிஸ்டர்கள் என்று அதில் இருக்கிறது. அந்த ஆண்டு அயர்லாந்திலிருந்து கறுப்பர் நகரத்துக்கு, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு, வந்தவர்கள் பிரசன்டேஷன் கன்னியர் சபையினர். சர்ச் பார்க் அவர்களுடைய பள்ளி. நம் சிஸ்டர்கள் வேறு சபை. ராயபுரம் மாமா, அடுத்தவர் வரலாற்றைச் சூட்டினால்தான் நம் சிஸ்டர்களுக்குப் பெருமையா? காலராக் காலத்தில் பாட்டியின் தலைமாட்டில் விழித்திருந்தவர்கள் அவர்கள். அதை எழுதுங்கள்.

பொருளாளர் அண்ணா, சுற்றுச்சுவர் கணக்கு இன்னும் வரவில்லை. இந்த முறை பணம் யாருடைய சொந்தக் கணக்குக்கும் போகக்கூடாது. நம்மில் பலர் இப்போது கனடா, சிங்கப்பூர் குடிமக்கள். வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி அவர்கள் தருவது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெறும் நிறுவனம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென வைத்திருக்கும் கணக்கில்தான் வாங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சம்பளத்தில் தருவது அதில் சேராது. இரண்டையும் கலக்காதீர்கள். பள்ளி நிர்வாகத்திடம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட்தான். உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்கவும் வகுப்பைக் கீழே மாற்றவும் ஆகிற செலவை இன்றே அனுப்புகிறேன். ரசீது பள்ளியின் பெயரில் வேண்டும். மற்றது, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் தளத்தைப் பார்த்து மதிப்பீடு கொடுத்த பிறகு.

மண்ணடி கொத்தனார் மகள்