புதுப்பிப்பு: பச்சை ஒளி கிடைத்துவிட்டது (பாலிஎத்திலீனிமைன் டிரான்ஸ்ஃபெக்‌ஷன்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஹெச்.இ.கே. 293 (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஒரு மனிதச் செல் வகை) செல்களுக்குள், பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணு கொண்ட பிளாஸ்மிட்டை (வட்ட வடிவ டி.என்.ஏ.), 25,000 மூலக்கூறு எடை கொண்ட நேர்கோட்டுப் பாலிஎத்திலீனிமைன் என்ற நேர்மின்சுமை கொண்ட பாலிமரால் செலுத்த (இதுதான் டிரான்ஸ்ஃபெக்ஷன்) முயன்றேன். நூறில் ஐந்து செல்கூட ஒளிரவில்லை. ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன்.

டி.என்.ஏ.வின் தூய்மையைச் சோதிக்கச் சொன்னார்கள். சோதித்தேன், குறையில்லை. பாலிமரின் அளவைக் கூட்டச் சொன்னதையும் செய்தேன். செல்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. அதிகமான நேர்மின்சுமை செல் சவ்வையே குலைத்துவிடும், எனக்குத்தான் உறைக்கவில்லை.

பலித்தது, "டி.என்.ஏ.-பாலிமர் கலவையைச் சீரம் (இரத்தத்திலிருந்து எடுக்கும், புரதம் நிறைந்த திரவம்) உள்ள செல் வளர்ப்பு ஊடகத்தில் செய்யாதீர்கள்" என்ற ஒற்றை வரி. எதிர்மின்சுமை கொண்ட சீரப் புரதங்கள், டி.என்.ஏ.வோடு சேர வேண்டிய பாலிமரைப் பிடித்துக்கொள்கின்றன. 150 மில்லிமோலார் உப்புக் கரைசலில், 1 மைக்ரோகிராம் டி.என்.ஏ.வுக்கு 3 மைக்ரோகிராம் பாலிமர் கலந்து, 15 நிமிடம் வைத்துச் செல்கள்மேல் விட்டேன். 24 மணி நேரத்தில் பாதிக்கு மேல் பச்சை.

எதிர்பாராதது ஒன்று. மறுமுறை, கலவையை வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு எதிரே டீ குடிக்கப் போனேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் பண்டிகைத் துணி வாங்கும் கூட்டம். சாலையைக் கடந்து திரும்ப ஒரு மணி நேரமாகிவிட்டது. குழாயின் அடியில் வெள்ளைத் துகள்கள். உப்பில் நேரம் போகப் போகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. அன்று ஒளிர்ந்தவை சொற்பம். இப்போது டீயை முதலிலேயே குடித்துவிடுகிறேன்.