மெரூன் துவாலை

எனக்கு வயது 38. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தில், பிறையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். பாலம் தாண்டி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வேலை. மாதவிடாய் நாள்களில் சுயஇன்பம் பற்றி ஒரு பெண்ணாவது தமிழில் ஒழுங்காக எழுத மாட்டாளா என்று வெகுநாள் தேடினேன். கிடைத்ததெல்லாம் ஆம்பளைகள் எழுதிய அசிங்கக் கதை, அது இல்லையென்றால் உடம்பு கெட்டுவிடும் என்ற மிரட்டல். அதனால் என் கதையை நானே எழுதுகிறேன். என் கணவருக்கு இது தெரியும்; அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பெரிய மனுஷி ஆனபோது பாட்டி விடிகாலையிலேயே எழுப்பி, நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலேயே நல்லெண்ணெயும் ஊற்றுவார். பத்து மணிக்கு உளுந்தங்களி. இடுப்பு எலும்பு கெட்டிப்படணும் என்பார். தனிப் பாய், தனித் தட்டு என்று பதினாறு நாள். பாட்டியின் அன்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் அந்தக் களியின் வாசனை வந்தால் அவர் முகம்தான் வரும். ஆனால் அந்த இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது, எது எதற்கு என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் படிவ அறிவியலில் இனப்பெருக்க அத்தியாயம் வந்தது. ஆசிரியர் கருப்பையையும் சினைக்குழாயையும் படத்தில் காட்டிவிட்டு, மீதியை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். கிளிட்டோரிஸ், அதாவது யோனிக்கு மேலே வெளிப்பக்கம் இருக்கும் இன்ப உறுப்பு, அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது 34 வயதில்.

முதல் நாள் வலி எனக்கு எப்போதும் உண்டு. அடிவயிற்றில் தொடங்கி, தொடை வரைக்கும் இறங்கி, முதுகில் போய் நிற்கும். உற்பத்தி லைனில் நின்றால் தலை முதல் கால் வரை மூடிய ஸ்மாக். கழிவறைக்குப் போய்வர அதைக் கழற்றி மாட்டவே பாதி நேரம் போய்விடும். ஒரு தடவை உட்கார நாற்காலி கேட்டதற்கு மேற்பார்வையாளர், அவரும் பெண்தான், "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் யாரிடமும் கேட்கவில்லை. பொன்ஸ்டான் என்ற வலி மாத்திரை இரண்டு எப்போதும் பையில் இருக்கும். கோடாலித் தைலம், சூட்டுப் பை, இஞ்சித் தண்ணீர் எல்லாம் உண்டு.

நாலு வருடத்துக்கு முன்னால், பள்ளி விடுமுறையில் ஓர் இரவு. பிள்ளைகள் தாத்தா வீட்டில். கணவர் லாரியில் ஜொகூர் போயிருந்தார். சாப்பிட்டு, மாத்திரை போட்டு, சூட்டுப் பையை வயிற்றில் வைத்துப் படுத்தேன். வலி குறையவில்லை, தூக்கமும் வரவில்லை. அந்த நாள்களில் வலியோடு சேர்ந்து உடம்பில் இன்னொரு கனமும் இருக்கும். ஆசை என்று சொன்னால்தான் சரி. கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்கு அது தெரியும். ஒவ்வொரு தடவையும், தீட்டு நேரத்தில் இதென்ன நினைப்பு என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பிப் படுப்பேன். அன்றைக்குத் திட்டிக்கொள்ளத் தெம்பில்லை. பழைய மெரூன் துவாலை ஒன்றை மடித்துக் கீழே போட்டுக்கொண்டேன். விளக்கை அணைத்தேன். அவசரப்படவில்லை.

முடிந்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். முதலில் வயிறு ஒரு தடவை நன்றாக இறுகியது, ஐயோ தப்புப் பண்ணிவிட்டோமா என்று பயந்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்து வைத்திருப்போமே, அதை யாரோ எடுத்து உதறி விரித்த மாதிரி இருந்தது. முதுகு தளர்ந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது, விழித்தபோது ஆறரை மணி. முதல் நாள் இரவில் நான் முழுசாகத் தூங்கியது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

காலையில் குற்ற உணர்ச்சி வந்தது, மறைக்க மாட்டேன். குளித்துவிட்டு வந்தும் சாமி அறைப் பக்கம் போகவில்லை, கதவைச் சாத்திவைத்தேன். கருப்பைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஒரு பயம். துவாலையில் கட்டி கட்டியாக இருந்தது வேறு. மூன்று வாரம் மனதுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ் டாக்டரம்மாவிடம் போனேன். இருமல் என்று சொல்லித்தான் உள்ளே போனேன். எழுந்து வரும்போது கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டே, "டாக்டர், இன்னொன்னு கேக்கணும்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "உக்காருங்கம்மா, வெளிய ஒரு ஆள்தான் இருக்காரு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

அவர் சொன்னதை என் சொல்லில் சொல்கிறேன். மாதவிடாய் தொடங்கும்போது கருப்பையின் உள்படலம் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதுதான் கருப்பைத் தசையைப் பிழிய வைக்கிறது. பிழியும்போது தசைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, வலிக்கிறது. பொன்ஸ்டான் செய்வது அந்தப் புராஸ்டகிளாண்டினைக் குறைப்பது. அதனால் வலி முற்றிய பிறகு விழுங்குவதைவிட, தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாகக் கேட்கும். (கேஸ்ட்ரிக், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் கேட்காமல் போடாதீர்கள்.) உச்சத்தின்போது எண்டோர்ஃபின், ஆக்ஸிடோசின் எல்லாம் சுரக்கின்றன. எண்டோர்ஃபின் உடம்பே தயாரிக்கிற வலி மருந்து. இடுப்புத் தசைகள் ஒரு தடவை இறுகி, பிறகு தளர்கின்றன. நான் பயந்த இறுக்கம் அதுதான். கட்டியாக வந்தது? உள்ளே தேங்கி இருந்தது ஒரே நேரத்தில் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ஒரு மாதவிடாய் முழுக்கப் போவதே பொதுவாக 30, 40 மில்லி. 80-ஐத் தாண்டினால்தான் அதிகம் என்று கணக்கு. துவாலையில் பார்த்தால் அண்டா அளவு போனது போலத் தெரியும்.

"அப்ப இது தப்பில்லையா டாக்டர்?"

"உங்க உடம்பும்மா. உங்களுக்கு வலி குறையுது. தப்புன்னு நான் எதைச் சொல்றது?"

அதற்குப் பிறகு நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மாதவிடாய் வலிக்கு இப்படி ஒரு வழியைப் பெண்கள் சொல்லியிருப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். 1985-ல் பெவர்லி விப்பிள், பேரி கொமிசாருக் இருவரும் பெண்களிடம் சோதனை நடத்தி, இன்பத் தூண்டலின்போது வலி தாங்கும் அளவு கூடுவதைக் காட்டினார்கள். அவர்கள் அளந்தது விரலை அழுத்தி உண்டாக்கிய வலி, நம் வயிற்று வலி இல்லை. அதனால் எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே மூன்று மாதத்தில் ஒரு மாதம் எதையும் தொடப் பிடிக்காது, படுத்தால் போதும் என்றிருக்கும். அந்த மாதம் சூட்டுப் பைதான். ஆசை இல்லாத நாளில் மருந்து மாதிரி இதைச் செய்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

சுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆள்கள் இரண்டு பக்கமும் தப்புப் பண்ணுகிறார்கள். யோனிக்குள் சாதாரணமாகக் கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும், கிருமி அண்டாமல் இருக்க. இரத்தம் அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். கருப்பை வாயும் இரத்தம் இறங்குவதற்காக லேசாகத் திறந்திருக்கும். அதனால் நகத்தை ஒட்ட வெட்டி, கையை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டுத்தான். மென்ஸ்ட்ருவல் கப் (இரத்தத்தைப் பிடிக்க உள்ளே வைக்கும் சின்னக் கிண்ணம்) வைத்திருந்தால், வெளியே மட்டும் தொடுவதானால் அது இருக்கலாம். உள்ளே என்றால் முதலில் எடுத்துவிட வேண்டும். உள்ளே வைக்கும் பஞ்சான டேம்பானும் அப்படியே. வெளியே தொட்டாலே பெரும்பாலான பெண்களுக்குப் போதும், உள்ளே போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கன்னித்திரை என்னாகுமோ என்று கல்யாணம் ஆகாத தங்கைகள் பயப்படுகிற விஷயத்துக்கும் இதுதான் பதில். காய்கறி, பாட்டில், தூரிகைக் காம்பு என்று எதையும் உள்ளே விடாதீர்கள். கருவிகள் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆபாசப் பொருள் விற்பதைத் தடுக்கும் குற்றவியல் சட்டம் 292-வது பிரிவு இங்கே இருக்கிறது, ஆன்லைனில் வேறு பெயரில் வருபவற்றின் தரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. எனக்குக் கை போதும்.

முடிந்த பிறகு வெளிப்பக்கம் வெறும் தண்ணீர் போதும். வெற்றிலைச் சாறு கலந்தது, வாசனைக்கென்று விற்பது, இவற்றையெல்லாம் உள்ளே விட்டுக் கழுவுவதை நான் நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. அதற்கு முன் வருடத்தில் இரண்டு தடவையாவது அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும், கிளினிக்குக்குப் போவேன். இப்போது வருவதில்லை. உள்ளே தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். இன்னொன்று, தேங்காய் எண்ணெயும் ஆணுறையும் சேரக் கூடாது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலவீனமாகிக் கிழியும். துவாலையைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் ஊறவைக்க வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை உறைந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது.

அந்தத் துவாலையை வைத்துத்தான் கணவருக்கும் தெரிந்தது. வாளியில் ஊறுவதைப் பார்த்து, என்ன இது என்றார். சொன்னேன், குரல் நடுங்கித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத்தனை வருஷம் அவ்வளவு வலியா உனக்கு?" என்றார். மற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவரே அலசிப் பின்பக்கக் கொடியில் போட்டிருந்தார்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஓர் அக்கா, என்னைவிட மூன்று வயது மூத்தவர். போன வருடம் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது, பாலத்தில் விடிந்துகொண்டிருந்தது. எல்லோரும் தூக்கம். அக்கா மட்டும் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார், விரல் கணு வெளுத்திருந்தது. பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலம், அந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் காதோடு காதாக என் அனுபவத்தைச் சொன்னேன். வலிக்கு உதவுமே என்றுதான் சொன்னேன். அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"உனக்கு அதோட அடங்குது. எனக்கு அதுக்கப்புறம்தான்மா ஆரம்பிக்குது. வீட்டுக்காரர்கூட இருந்தாலும் அப்படித்தான். கத்தி விட்டுக் கிளறுற மாதிரி. யார்கிட்ட சொல்றது இதை?"

எனக்குப் பேச்சு வரவில்லை. உச்சத்துக்குப் பிறகு வலி கூடுவது, உறவின்போது ஆழத்தில் குத்துவது, மலம் கழிக்கும்போது வலிப்பது, மாத்திரைக்கு அடங்காமல் மாதத்துக்கு மாதம் ஏறுவது, இவையெல்லாம் டாக்டரம்மா எனக்குச் சொல்லி அனுப்பிய அடையாளங்கள். அந்த வாரமே அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி, அதாவது பழைய இரத்தம் தேங்கிய கட்டி. எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் போன்ற திசு வெளியே வளர்வது. உலகச் சுகாதார நிறுவனம் கணக்குப்படி குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. அக்காவுக்கு எத்தனை வருடமாக இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. வெட்கத்தால் அவர் விழுங்கிய வலி அது. என்ன வலி, எப்போது வலி என்று சொல்லக்கூட நமக்குச் சொல் கொடுக்காமல் வளர்த்திருக்கிறார்கள்.

உடம்பைத் தொட்டுப் பழகியிருந்ததால்தான் என் வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது, அக்காவுடையது வேறு என்றும் தெரிந்தது. உங்களில் யாருக்காவது அக்கா சொன்ன மாதிரி இருந்தால், சுயஇன்பத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே என்று கிளினிக்குக்குப் போகாமல் இருக்காதீர்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். வாயால் சொல்ல முடியாவிட்டால் தாளில் எழுதிக் கொடுங்கள். அக்கா அப்படித்தான் செய்தார், என் ஷிப்ட் அட்டவணையின் பின்பக்கத்தில் நாலு வரி.

மார்ச்சில் அக்காவுக்கு லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்து கட்டியை எடுத்தார்கள். வயிற்றில் மூன்று சின்னத் தழும்பு. ஒரு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். போன செவ்வாய்க்கிழமை காலை, பாலத்தில் பஸ் ஏறிய நேரம், என் பக்கம் சாய்ந்து, "இன்னைக்கு முதல் நாள்மா" என்றார். மாத்திரை போட்டீங்களா அக்கா என்று கேட்டேன். ஒன்று போட்டேன் என்றார். பிறகு தலையை ஜன்னலில் சாய்த்துக் கண்ணை மூடினார். பிறை வந்து நான் எழுப்பும் வரை தூங்கினார்.