ரெய்டருக்கு ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) இழுத்துக்கிச்சு: ஓய்வா, ஊசியா, பயிற்சியா?

வெண்ணாற்றங்கரை கபடி:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்து ஊர் அணி நாங்க. எங்க முதல் ரெய்டருக்கு (பாடிப் போறவர்) 22 வயசு, 70 கிலோ. டோ டச்சுக்கு (கால் விரலால் எதிராளியைத் தொடுறது) இடது காலை முழுசா நீட்டி உடம்பைக் கவிழ்த்த நேரத்தில் எதிரணி கார்னர் (ஓரத்தில் நிக்கிற தடுப்பாளர்) கணுக்காலைப் பிடிச்சு மேலே தூக்கிட்டார். பின்தொடையில் சுருக்குன்னு ஒரு வலி, அத்தோட வெளியே வந்துட்டார். இன்னைக்குப் பத்தாவது நாள். நடக்க வலி இல்லை, படி ஏறுறார், பைக் ஓட்டுறார். ஆனா குனிஞ்சு கீழே கிடக்கிறதை எடுத்தா பிட்டத்துக்கு அடியில் இழுக்குது. திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தா அதே இடம் உறுத்துது. அடிபட்ட அன்னைக்கே எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விட்டாங்க. ஸ்கேன் எடுக்கலை.

சித்திரை முதல் வாரம் பெரிய போட்டி, இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அதுவரைக்கும் ஓய்வில் வெச்சு நேரா இறக்கிடலாம்னு பாதிப் பேர் சொல்றாங்க. ரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் போடுற பிஆர்பி ஊசி போட்டா சீக்கிரம் கூடிடும்னு மீதிப் பேர். எது சரி? மத்த பசங்களுக்கு வராம இருக்க என்ன செய்யணும்? ஜிம் வசதி கிடையாது.

குடந்தை பிசியோ:

தம்பி, அந்தப் போட்டிக்கு இவர் இல்லை என்று வைத்துக்கொண்டு அணியைத் தயார் பண்ணுங்கள்.

ஹாம்ஸ்ட்ரிங் கிழிவு எல்லாம் ஒன்று போல இருக்காது. முழு வேகத்தில் ஓடும்போது கிழிவது ஒரு ரகம். இடுப்பு மடங்கி முழங்கால் நீண்டிருக்கும்போது இழுபட்டுக் கிழிவது இன்னொரு ரகம். உங்கள் ரெய்டருக்கு இரண்டாவது. இதில் பாதிப்பு பெரும்பாலும் உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில், தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது) தொடங்கும் இடத்தில் விழும். திண்ணையில் உட்கார்ந்தால் உறுத்துகிறது என்கிறீர்களே, அதுதான் அடையாளம். முதல் சில நாளில் வலி குறைவாகத் தெரியும், ஆனால் ஆற அதிக நாள் பிடிக்கும். ஏமாந்துபோவது இங்கேதான். ஸ்வீடன் கால்பந்து வீரர்கள் 75 பேரை வைத்து ஆஸ்க்லிங் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டத்தில் கிழிந்தவர்கள், தசையை நீட்டி வேலை வாங்கும் பயிற்சியோடு (கீழே சொல்கிறேன்) சராசரி 23 நாளில் திரும்பினார்கள். இழுபட்டுக் கிழிந்தவர்களுக்கு அதே பயிற்சியில் 43 நாள். வழக்கமான பயிற்சியில் 74 நாள். நீங்கள் கேட்பது பத்தும் இருபத்தொன்றும் சேர்த்து 31ஆம் நாள்.

பயிற்சிக்கு முன்னால் ஒன்று பார்த்துவிடுங்கள். அடிபட்டபோது 'டப்' என்று சத்தம் கேட்டதா, முழங்கால் வரை கருநீலமாக ரத்தம் கட்டியதா, குப்புறப் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னால் பலமே இல்லையா, பாதத்தில் மரத்துப்போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நாண் எலும்பை விட்டுப் பிய்ந்திருக்கலாம். அப்படியானால் எம்ஆர்ஐ எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அறுவை தேவைப்பட்டால் முதல் சில வாரத்துக்குள் செய்வது சுலபம். நாள் கடந்தால் நாண் சுருங்கிக்கொள்ளும்.

அது எதுவும் இல்லையென்றால் இன்றே வேலையைத் தொடங்கலாம். சும்மா படுத்திருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம். டென்மார்க்கில் 50 அமெச்சூர் வீரர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு அடிபட்ட 2ஆம் நாளிலும் மறுபாதிக்கு 9ஆம் நாளிலும் பயிற்சியைத் தொடங்கினார்கள். 2017இல் வந்த முடிவு: முன்னவர்கள் 62.5 நாளில் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள், பின்னவர்களுக்கு 83 நாள். தொடக்கத்தில் விட்ட ஒரு வாரம், முடிவில் மூன்று வாரமாகத் திரும்பி வந்தது.

ஆஸ்க்லிங் கொடுத்த மூன்று பயிற்சிக்கும் கருவி தேவையில்லை.

முதலாவது: மல்லாந்து படுத்து, அடிபட்ட காலின் தொடையை இரண்டு கையாலும் பின்னால் பிடித்து, தொடை செங்குத்தாக நிற்கட்டும். முழங்காலை மெதுவாக நீட்டி, வலி தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்தித் திரும்ப வேண்டும். 12 தடவை, 3 சுற்று, காலை மாலை இரண்டு வேளையும்.

இரண்டாவது: அடிபட்ட காலில் நின்று, முழங்காலை லேசாக மடக்கி, இரு கையும் முன்னால் நீள உடம்பை இடுப்பிலிருந்து சாய்க்க வேண்டும். மற்ற கால் பின்னால் உயரும். 6 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முதுகு வளைந்தால் பலன் போச்சு. மடங்க வேண்டியது இடுப்பு.

மூன்றாவதுதான் கடினம். வழுக்கும் டைல்ஸ் அல்லது சிமெண்ட் தரையில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளட்டும். உடம்பு எடை முழுக்க அடிபட்ட காலின் குதிகாலில். மற்ற காலில் சாக்ஸ் மாட்டி அதைப் பின்னால் மெல்லச் சறுக்கவிட வேண்டும், வலிக்கு முன்னால் நிறுத்த வேண்டும். மேலே வர கைப்பலம் மட்டும், காலால் எக்கக் கூடாது. 4 தடவை, 3 சுற்று, மூன்று நாளுக்கு ஒருமுறை. சறுக்கும் தூரத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து வையுங்கள். வாரா வாரம் கோடு நகர வேண்டும்.

மூன்றிலும் வலி வரக் கூடாது. இழுக்கிற உணர்வு இருக்கலாம். 'வலிச்சாத்தான் பலிக்கும்' என்று பக்கத்தில் நின்று யாராவது சொன்னால் அவரை முதலில் வெளியே அனுப்புங்கள்.

பி.டி. சார்:

பிசியோ சொன்னதுக்கு மேலே ரெண்டு விஷயம், ரெண்டும் பள்ளிக்கூடப் பசங்களைப் பத்தி.

பதினெட்டுக்குக் கீழ உள்ள பையனுக்கு இதே மாதிரி அடி பட்டா, தசை கிழிஞ்சதுன்னு முடிவு பண்ணாதீங்க. அந்த வயசில் உட்காரும் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் முழுசா ஒட்டியிருக்காது. தசை கிழியிறதுக்கு முன்னாடி எலும்புத் துண்டோட பிய்ச்சுக்கிட்டு வந்துடும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். அதைப் பார்க்காம பயிற்சியோ நீவலோ கூடாது.

அடுத்தது, எல்லாத்தையும் 'பிடிச்சுக்கிச்சு'ன்னு ஒரே வார்த்தையில் சொல்லிடுறோம். குறக்களி வேற, கிழிவு வேற. குறக்களின்னா தசை கல்லு மாதிரி இறுகும், நீட்டிப் பிடிச்சா விடும், கொஞ்ச நேரத்தில் ஆடலாம். கிழிவுன்னா நீட்ட நீட்ட வலி ஏறும். ரெண்டுக்கும் ஒரே வைத்தியமா காலைத் தூக்கி அமுக்குறாங்க, கிழிஞ்சது இன்னும் கிழியுது. கிழிவுக்கு முதல் ரெண்டு மூணு நாள் எண்ணெய் நீவல், சூட்டு ஒத்தடம் ரெண்டும் வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். பட்டை சுத்தி அழுத்தம் கொடுத்தாப் போதும். ஐஸ் வலியை மறக்கடிக்கும், அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்க்காதீங்க.

உடலியங்கியல் தஞ்சை:

ஊசி பற்றி யாரும் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 80 வீரர்களுக்கு, பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் என்று, யாருக்கு எது என்று தெரியாமல் போட்டுப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு: இரண்டு பக்கமும் திரும்ப ஆட ஆன நாட்களின் இடைநிலை 42. திரும்பக் கிழிந்த விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. அந்தக் காசுக்கு வீரர்களுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

மற்றவர்களுக்கு வராமல் தடுக்க, அதிகம் சோதிக்கப்பட்டது நார்டிக் பயிற்சி. டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகள், 942 வீரர்கள், 2011இல் வந்த ஆய்வு: பயிற்சி செய்த பக்கம் 15 கிழிவு, செய்யாத பக்கம் 52. ஏற்கெனவே ஒருமுறை கிழிந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிது: ஒரு பருவத்துக்கு நூறு வீரருக்கு 45.8 ஆக இருந்தது 7.1 ஆனது. 2019இல் 8,459 பேரை உள்ளடக்கிய தொகுப்பாய்வும் கிழிவு ஏறக்குறையப் பாதியாகிறது என்றே சொன்னது. தசையிழைக் கற்றை நீளமாவதும், நீண்ட நிலையில் பலம் கூடுவதும் காரணம் என்று கருதப்படுகிறது.

செய்முறை: மடித்த சாக்கின் மேல் மண்டியிட்டு நிற்க, பின்னால் ஒருவர் இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடு. அப்படியே முன்னால், முடிந்த அளவு மெதுவாகச் சாய்ந்து, தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். மேலே வரக் கையால் தள்ளிக்கொள்ளலாம், பலன் இறங்கும்போதுதான். கெடுவது எப்படி? பிட்டம் பின்னால் தள்ளிப்போகும், அப்போது ஹாம்ஸ்ட்ரிங்குக்குப் பாரமே வராது. பிடிப்பவர் கணுக்காலை விட்டுக் கெண்டைக்காலில் உட்கார்ந்துவிடுவார், அங்கே குறக்களி பிடிக்கும். முதல் நாளே ஆளுக்கு முப்பது எடுக்கவைத்துவிடுவார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் யாராலும் உட்கார்ந்து எழ முடியாது, பயிற்சியை அத்தோடு கைவிடுவார்கள்.

டேனிஷ் அட்டவணை: முதல் வாரம் ஒரே நாள், 5 தடவை 2 சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 தடவை 2 சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், 3 சுற்று. தடவை 6, 8, 10 என்று ஏறி, ஐந்தாம் வாரத்திலிருந்து சுற்றுக்கு 12, 10, 8. பத்து வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை. இவ்வளவு முடியாதென்றால், பழகிய பிறகு வாரத்துக்கு மொத்தம் 8 தடவை செய்தவர்களுக்கும் கற்றை நீளம் அதிகமாகச் செய்தவர்களைப் போலவே கூடியது என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், இரண்டு வாரம் நிறுத்தியதும் நீளம் சுருங்கத் தொடங்கிவிட்டது.

இவ்வளவு நல்ல பயிற்சி இருந்தும் ஐரோப்பாவின் பெரிய கால்பந்து அணிகளில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2001இல் 12 சதவீதமாக இருந்தது, 2022க்குள் 24 ஆகிவிட்டது. காரணம் பல. ஆனால் இந்தப் பயிற்சியை முழுதாகச் செய்த அணிகள் மிகச் சிலவே என்பதும் பதிவாகியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் கால்பந்திலிருந்து வந்தவை. நார்டிக்கில் இடுப்பு மடங்குவதே இல்லை. கபடியில் கிழிவதோ இடுப்பு மடங்கிய நிலையில். அதனால் இடுப்பை மடக்கிப் பாரம் இறக்கும் பயிற்சியும் கட்டாயம். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மார்போடு அணைத்து, முழங்கால் லேசாக மடங்க, பிட்டத்தைப் பின்னால் தள்ளி மூன்று எண்ணும்வரை மெதுவாகக் குனிந்து எழுவது. 8 தடவை, 3 சுற்று, வாரம் இருமுறை. அது சுலபமானதும் 10 லிட்டர் பெயிண்ட் வாளியில் தண்ணீர் நிரப்பி ஒற்றைக் காலில்.

வெண்ணாற்றங்கரை கபடி:

ரொம்ப நன்றி சார். ஊசிப் பேச்சை விட்டாச்சு, 'டப்' சத்தம், ரத்தக்கட்டு எதுவும் இல்லை. ரெண்டு சந்தேகம். சீசன்ல சனி ஞாயிறு ராத்திரி போட்டி இருக்கும், நார்டிக்கை எந்த நாளில் வைக்கிறது? ரெய்டரை எப்போ ஓட விடலாம், எப்போ பிடிக்கு விடலாம்?

பி.டி. சார்:

செவ்வாய், பயிற்சி முடிஞ்ச பிறகு. வாரம் ரெண்டுன்னா திங்களும் புதனும். வியாழனுக்கு மேலே வேண்டாம்.

ராத்திரிப் போட்டியில் இன்னொரு ஆபத்து காத்திருப்பு. பத்து மணிக்கு ஒரு ஆட்டம், அடுத்தது ஒண்ணரை மணிக்கு. நடுவுல பசங்க நாற்காலியில் சாய்ஞ்சு போன் பார்க்கிறாங்க. உடம்பு ஆறிப்போச்சு, பேரைக் கூப்பிட்டதும் நேரா களத்துக்கு. முந்தின ஆட்டம் பாதி ஓடும்போதே எழுப்பி விடுங்க: மெது ஓட்டம், கால் வீச்சு, பக்கவாட்டு நகர்வு, கடைசியில் மூணு நாலு வேக ஓட்டம், மொத்தம் எட்டு நிமிஷம். அந்த நேரத்தில் காலை நீட்டிப் பிடிச்சு ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்கிறது வேண்டாம், தற்காலிகமா பலம் குறையும்.

70 கிலோவுக்குள்ள வரணும்னு எடை போடுறதுக்கு முந்தின நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம ஸ்வெட்டர் போட்டு ஓடுறதையும் நிறுத்துங்க. அந்த உடம்போட பங்குனி வெயில்ல நின்னா தசைக் கிழிவை விடப் பெரிய ஆபத்து வரும்.

குடந்தை பிசியோ:

வேகமாக நடப்பது வலியில்லாமல் வந்ததும் மெது ஓட்டம் தொடங்கலாம், இந்த வாரக் கடைசியில்கூட. பிறகு 40 மீட்டரில், முழு வேகத்தில் பாதி, முக்கால், தொண்ணூறு சதவீதம் என்று ஏற்ற வேண்டும். ஒரு படியில் இரண்டு நாள் வலியில்லாமல் ஓடினால் அடுத்த படி. கபடித் தளத்தின் நீளமே 13 மீட்டர், அங்கே முழு வேகம் எட்டவே எட்டாது, அதனால் பள்ளி மைதானத்துக்குப் போங்கள். அறுத்த வயலில் ஓடவிடாதீர்கள். இந்த மாதம் களிமண் வெடித்துக் கிடக்கும், ஹாம்ஸ்ட்ரிங்கைக் காப்பாற்றிக் கணுக்காலை உடைப்பீர்கள்.

பிடிக்கு விடுவதற்கு முன் இரண்டு சோதனை. 60 செ.மீ. உயரப் பெஞ்சில் ஒரு குதிகாலை வைத்து, மல்லாந்து படுத்து, இடுப்பைத் தூக்கி இறக்கச் சொல்லி எண்ணுங்கள். இருபதைத் தாண்டாவிட்டால் பலம் போதாது. நல்ல காலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது.

அடுத்தது, மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காதபடி பட்டை கட்டி, காலை எவ்வளவு வேகமாக எவ்வளவு உயரம் முடியுமோ வீசச் சொல்ல வேண்டும். மூன்று தடவை. வீசும்போது வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், பயமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். பயம் என்றால் இன்னும் சில நாள் பயிற்சி, பிறகு மறுபடி அதே சோதனை. இதை எல்லாப் பயிற்சியும் முடிந்து கடைசியாகத்தான் செய்ய வேண்டும். இன்றைக்கு ஆர்வத்தில் வீசிப் பார்த்தால் ஆறிக்கொண்டிருப்பதும் பிய்ந்துவிடும்.

தேறிய பிறகும் முதல் இரண்டு வாரம்தான் திரும்பக் கிழிய வாய்ப்பு அதிகம். அந்த நாட்களில் ஒரு ஆட்டத்துக்கு ஆறேழு ரெய்டு என்று அளந்து அனுப்புங்கள், டோ டச் வேண்டாம், கையால் தொட்டு வரட்டும்.