அப்பாவுக்கு பார்க்கின்சன்ஸ், லாக்டவுன்ல ரொம்ப தளர்ந்துட்டாரு, டோஸ் ஏத்தலாமா?

வைகைக்கரை (ஜூலை 2020):
எல்லாருக்கும் வணக்கம், மதுரைலேர்ந்து எழுதுறேன். அப்பாவுக்கு 68 வயசு, பார்க்கின்சன்ஸ், அதான் நடுக்குவாதம், வந்து ஆறு வருஷம் ஆச்சு. மார்ச் வரைக்கும் காலைல பார்க்ல வாக்கிங், வர்ற வழியில டீ, நாலு பேர்கிட்ட பேச்சுன்னு நல்லாத்தான் இருந்தாரு. லாக்டவுன் போட்டதும் எல்லாம் போச்சு, பிசியோ பண்ண வர்ற தம்பியும் வர்றதில்ல. இப்ப பாத்ரூம் வாசப்படி வந்தா கால் தரையில ஒட்டிக்கிட்டு அப்படியே நின்னுடறாரு. அதுக்கான மாத்திரை சிண்டோபா 110 போட்டும் மத்தியானம் வரைக்கும் விறைப்பு விட மாட்டேங்குது. வழக்கமா பாக்குற டாக்டர் கிளினிக்கும் பூட்டிக் கிடக்கு. ஒரு மாத்திரை சேத்து குடுக்கலாமான்னு அம்மா கேக்குறாங்க.

கோவைக்காரி:
நீங்களா ஏத்தாதீங்க சகோ. முதல்ல ஒண்ணு சொல்லுங்க, மாத்திரை எப்ப போடுறாரு, டிபன் எப்ப சாப்பிடுறாரு? எங்க அம்மாவுக்கும் இதே கதைதான், லாக்டவுன்ல வீடே லேட்டா எந்திரிக்க ஆரம்பிச்சு மாத்திரையும் சாப்பாடும் ஒண்ணா போயிட்டிருந்துச்சு. சிண்டோபால இருக்குற லெவோடோபா மருந்தும் புரோட்டீனும் குடல்ல ஒரே வழியாத்தான் உள்ள போகணும், பருப்பு, முட்டை, பால் கூட சேந்து போனா மாத்திரை பின்னாடி நின்னுடும். சாப்பாட்டுக்கு அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் முன்னாடி வெறும் தண்ணில போடணும். இன்னொன்னு, மெடிக்கல்ல ஸ்டாக் இல்லைன்னு திடீர்னு நிறுத்திடாதீங்க, காய்ச்சலும் கடும் விறைப்புமா வந்து ஐசியூ வரைக்கும் போகலாம். ஸ்ட்ரிப் தீர்றதுக்கு முன்னாடியே வாங்கி வச்சிடுங்க.

டெல்டாபாய்:
கால் ஒட்டிக்கிறதுக்கு பாத்ரூம் வாசலுக்கு முன்னாடி கலர் டேப்பை குறுக்க ஒரு அடி இடைவெளியில நாலஞ்சு கோடா ஒட்டுங்க. எங்க தாத்தா "நடங்க"ன்னா நடக்க மாட்டாரு, "கோட்டைத் தாண்டுங்க"ன்னா டக்குனு தாண்டிடுவாரு 😄 கையப் புடிச்சு இழுக்காதீங்க, விழுந்துடுவாரு. மொட்டை மாடி இருந்தா சாயங்காலம் கூடவே நடங்க, ஆனா கைப்பிடி சுவர் உயரமான்னு பாத்துக்கோங்க.

நர்ஸம்மா:
மேல சொன்னது சரி. மார்ச் 25ல டெலிமெடிசின் விதிமுறை வந்துருச்சு, டாக்டர்ங்க வீடியோ கால்ல பாத்து மருந்து எழுதலாம். அதனால கிளினிக் பூட்டியிருந்தாலும் நம்பருக்கு மெசேஜ் போடுங்க, மாத்திரை வேலை செய்யிறப்ப நடக்குறது ஒண்ணு, செய்யாதப்ப நடக்குறது ஒண்ணு, ரெண்டு வீடியோ நேரம் போட்டு அனுப்புங்க, அதுலயே பாதி புரிஞ்சிடும். குரல் சன்னமாகி முகபாவமும் குறையிற நோய், அதுக்கு மேல மாஸ்க்கும் போட்டா பேசுறது யாருக்கும் கேக்காது, மூஞ்சியப் பாத்தும் புரியாது, கோவப்படாம ரெண்டாவது தடவை கேளுங்க. அப்புறம் வாந்தின்னு யாராவது பெரினார்ம் மாத்திரை குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க, அது பார்க்கின்சன்ஸ கூட்டிவிடும். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்ஷன் வந்தாலும் இதே மாதிரி திடீர்னு தளர்ந்துடுவாங்க, அதையும் பாத்துக்கோங்க.

வைகைக்கரை:
கோவைக்காரி அக்கா, கரெக்டா புடிச்சீங்க. முன்னாடி வாக்கிங் கிளம்புறப்ப ஆறு மணிக்கே போட்டுருவாரு, இப்ப ஒம்பது மணிக்கு பொங்கல் தட்டுக்கு பக்கத்துல மாத்திரைய வச்சுடுறோம். பழையபடி ஆறுக்கு மாத்திடறேன், டாக்டருக்கும் வீடியோ அனுப்புறேன். டீ கூட போடலாமா?

கோவைக்காரி:
பால் டீயா? தண்ணில போட்டுட்டு அரை மணி கழிச்சு குடிக்கச் சொல்லுங்க.