டிசம்பர் கடைசியில் டூம்ஸ்டோன், பிஸ்பி: டூசானிலிருந்து நான்கு நாள், திட்டம் சரியா?

புதுப்பாதை:
வணக்கம். டிசம்பர் 27 காலை அரிசோனாவின் டூசானில் இறங்கி, 30 இரவு விமானத்தில் திரும்புகிறோம். நாங்கள் இருவர், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அம்மாவுக்கு முழங்கால் வலி. எல்லோரும் சைவம். வாடகைக் கார். இப்போதைய திட்டம்: முதல் நாள் டூம்ஸ்டோன், இரவு பிஸ்பி. இரண்டாம் நாள் சிரிக்காவா பாறைகள், அப்படியே நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் வெண்மணல் மேடுகள். மூன்றாம் நாள் திரும்பி டூசான். பழைய சுரங்க ஊர்களைப் பார்ப்பதுதான் முக்கியம். சரிவருமா? குளிர் எப்படி இருக்கும்?

வெட்டவெளி:
ஒயிட் சாண்ட்ஸை எடுத்துவிடுங்கள். பிஸ்பியிலிருந்து அங்கே போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம். டிசம்பர் கடைசியில் ஏழே காலுக்கு மேல்தான் விடியும், மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்தப் பக்கச் சாலைகளில் வேலியில்லாத மேய்ச்சல் நிலம் நிறைய. இருட்டியதும் மாடும் மானும் குறுக்கே வரும். ஓட்டத்தைப் பகலிலேயே முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

பிஸ்பியில் இரண்டு இரவு தங்குங்கள். டூசானிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே பென்சன் ஊர், 303ஆம் எக்சிட், பிறகு அரிசோனா 80ஆம் சாலையில் தெற்கே 24 மைல் போனால் டூம்ஸ்டோன். அங்கிருந்து பிஸ்பி இன்னொரு 24 மைல்.

டூம்ஸ்டோனுக்கு மூன்று மணி நேரம் போதும். ஆலன் தெருவில் துப்பாக்கிச் சண்டை நாடகங்கள் நடக்கும். உண்மையான சண்டை 1881 அக்டோபர் 26 அன்று நடந்தது ஓ.கே. கொரல் என்ற குதிரைக் கொட்டடிக்குள் அல்ல, அதன் பின்புறம் ஃப்ரீமாண்ட் தெருவை ஒட்டிய காலி மனையில். நீங்கள் கார் ஓட்டி வரும் 80ஆம் சாலைதான் அந்தத் தெரு. நேரம் குறைவென்றால் நாடகத்தை விட்டு, 1882இல் கட்டிய நீதிமன்றக் கட்டடத்தைப் பாருங்கள். வெள்ளிச் சுரங்கங்களுக்குள் நிலத்தடி நீர் ஏறி, அதை இறைத்த பம்புகளும் எரிந்துபோனதால் ஊர் சரிந்தது. 1929இல் மாவட்டத் தலைநகரமும் பிஸ்பிக்குப் போய்விட்டது. இது புரிந்தால் அடுத்து பிஸ்பியைப் பார்க்கும்போது இரண்டு ஊர்களின் கதையும் சேர்ந்துவிடும்.

செம்புமலை:
பிஸ்பியில் அறை பிடிக்கும் முன் "வாசலுக்கு எத்தனை படி?" என்று கேட்டே ஆக வேண்டும். ஊரே பள்ளத்தாக்கின் இரு சரிவிலும் ஏறி நிற்கிறது. படத்தில் அழகாகத் தெரியும் பல வாடகை வீடுகளுக்கு நீளமான கான்கிரீட் படிக்கட்டு மட்டுமே வழி. அம்மாவுக்காக மெயின் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஓட்டலாகப் பாருங்கள். கட்டடங்கள் பழசு, லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிஸ்பியின் பழைய செம்புச் சுரங்கமான குயீன் சுரங்கச் சுற்றுக்கு முன்பதிவு செய்யுங்கள். விடுமுறை வாரத்தில் நேரில் போனால் இடம் கிடைப்பது கடினம். உள்ளே எப்போதும் 47 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 8 செல்சியஸ். சுரங்க ரயிலில் இருபுறமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும், சேலையில் முடியாது. முழங்கால் மடங்கவில்லை என்றால் அம்மா வெளியிலேயே இருப்பது நல்லது. அவருக்கு லாவெண்டர் திறந்தவெளிச் சுரங்கம் ஏற்றது: 80ஆம் சாலை ஓரத்திலேயே காரை நிறுத்திப் பார்க்கலாம், சுமார் 900 அடி ஆழம். ஊரின் சுரங்க அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். 1917 ஜூலை 12 அன்று வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களும் ஆதரித்தவர்களுமாக சுமார் 1,300 பேரை ஷெரிஃபின் ஆட்கள் துப்பாக்கி முனையில் மாட்டு ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் இறக்கிவிட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

ஊர் 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. பகலில் 55 முதல் 60 டிகிரி ஃபாரன்ஹீட், விடியலில் உறைநிலையை ஒட்டி. பாலைவனம் என்று நம்பி மெல்லிய சட்டை மட்டும் கொண்டுவருபவர்கள் இங்கேதான் நடுங்குகிறார்கள். பெரியவர்களுக்குக் காதை மூடும் தொப்பி, உள்ளே ஒரு தெர்மல், மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் வேண்டும். மழையோ பனியோ பெய்த மறுநாள் காலையில் 80ஆம் சாலையில் பிஸ்பிக்குச் சற்று முன் வரும் மியூல் பாஸ் சுரங்கப்பாதையின் இரு முனையிலும் நிழல் விழும் இடத்தில் ஐஸ் இருக்கலாம், பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள்.

கள்ளிக்காடு:
சாப்பாடு: மெக்சிகன் கடைகளில் அரைத்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும், சோற்றில் கோழி சூப்பும் சேர்ப்பது வழக்கம். கோதுமை டார்ட்டியாவிலும் கொழுப்பு இருக்கலாம். "வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்பார்கள், "மாந்தேகா (பன்றிக்கொழுப்பு) இருக்கிறதா?" என்று கேளுங்கள். பிஸ்பியில் வார நடுவே பல உணவகங்கள் மூடியிருக்கும், இரவில் சீக்கிரமும் மூடிவிடுவார்கள். டூசானிலேயே ரொட்டி, தயிர், பழம் வாங்கிவிடுங்கள். மைக்ரோவேவ் உள்ள அறை என்றால் கவலை பாதி குறையும்.

ஆவணங்கள்: 80ஆம் சாலையில் வடக்கே திரும்பும்போதும், டூசானுக்குத் தெற்கே டூபாக் ஊர்ப் பக்கம் ஐ-19 நெடுஞ்சாலையில் வடக்கே வரும்போதும் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பியவர்கள் ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சுப்பிரதி, எச்-1பி வேலை விசா என்றால் ஐ-797 (ஒப்புதல் கடிதம்). கிரீன் கார்டு என்றால் அசல். ஓட்டல் பெட்டியில் விட்டுவிடாதீர்கள்.

சிரிக்காவாவுக்குப் பதில் பென்சன் அருகிலுள்ள கார்ட்ச்னர் குகை என் தேர்வு. அங்கே ரொட்டண்டா என்ற சுற்றின் பாதை சக்கர நாற்காலியும் போகும் அளவு சமம், உள்ளே வெதுவெதுப்பு. கேமரா, போன், பை எதுவும் அனுமதி இல்லை. இதற்கும் முன்பதிவு வேண்டும்.

புதுப்பாதை:
ஒயிட் சாண்ட்ஸை எடுத்துவிட்டேன். சிரிக்காவாவை மட்டும் விட மனமில்லை. அம்மாவால் நடக்காமல் பார்க்க முடியுமா?

வெட்டவெளி:
முடியும். பொனிட்டா கேன்யன் சாலை 8 மைல். முடிவில் 6,870 அடி உயரத்தில் மசாய் பாயிண்ட். கார் நிற்கும் இடத்திலிருந்தே பாறைத் தூண்கள் தெரியும். ஆனால் பனி பெய்தால் அந்தச் சாலையை மூடுவார்கள், காலையில் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். மூடியிருந்தால் அன்று குகை. இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

29ஆம் தேதி பிஸ்பியிலிருந்து கிளம்பி, போகும் வழியில் மெக்நீல் அருகே ஒயிட்வாட்டர் டிரா என்ற ஈரநிலம். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான சாண்ட்ஹில் நாரைகள் அங்கே தங்கும். விடியலில் வயல்களுக்குப் பறந்து, நண்பகல் வாக்கில் பெரும்பகுதி தண்ணீருக்குத் திரும்பும். கடைசித் துண்டு மண்சாலை, மழைக்குப் பின் சேறு. பிறகு யூ.எஸ். 191, அரிசோனா 181 வழியாகப் பூங்காவின் மேற்கு வாயில். ஜிபிஎஸ் கிழக்கே உள்ள போர்ட்டல் ஊர்ப் பக்கமாகக் காட்டினால் கேட்காதீர்கள். ஆனியன் சாடில் மலைப்பாதை குளிர்காலத்தில் அடைபட்டுவிடும். பூங்காவில் பெட்ரோலும் இல்லை, உணவும் இல்லை, சிக்னலும் நம்ப முடியாது. பிஸ்பியிலேயே டேங்கை நிரப்பி, வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். திரும்பும் வழி வில்காக்ஸ், ஐ-10.

30ஆம் தேதி டூசான் அருகே சான் சேவியர் தேவாலயம் (கட்டியது 1783-1797), நேரமிருந்தால் டூபாக். ஐ-19இல் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும், வேக எல்லை மட்டும் மைலில்.

டயர் பற்றி ஒன்று. 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். டூசானின் 70 டிகிரி மதியத்தில் 33 இருந்தது பிஸ்பியின் 30 டிகிரி விடியலில் சுமார் 29 ஆகி, சில கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியலாம். பஞ்சர் என்று பதறாமல், ஓட்டும் முன் அளந்து, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குக் காற்று பிடியுங்கள். ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட 3, 4 குறைந்திருந்தால் அது கசிவு. சிரிக்காவா பக்கம் போகாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.