புதுப்பிப்பு: கியூ கண்ணாடி வீடுகள் பார்த்தாச்சு

லண்டன் போகும்போது கியூ தாவரவியல் பூங்காவில் வெப்ப நாட்டுச் செடிகளைச் சூடாக வைத்து வளர்க்கும் கண்ணாடி வீடுகளுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "சென்னை வேர்வையை அங்கே போய்க் காசு கொடுத்து வாங்கணுமா?" என்று கிண்டல்தான் அதிகம் வந்தது. தாராளமாக ஒதுக்கலாம்.

1848-இல் கட்டி முடித்த பாம் ஹவுஸுக்குள் (Palm House, பனை வகைகள் வளரும் கண்ணாடி வீடு) நுழைந்ததுமே மூக்குக்கண்ணாடி, கேமரா லென்ஸ் எல்லாம் ஆவி படிந்துவிடும், துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும், அதனால் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிடுங்கள். வாழையைப் பார்த்து நாம் வாய் பிளக்கப் போவதில்லை. என்னை நிறுத்தியது ஒரு சைகாட் செடி (பார்க்கப் பனை மாதிரி இருக்கும், ஆனால் பனை இல்லை): 1775-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது, இன்னும் தொட்டியில்தான் வளர்கிறது, தண்டு ஒரேயடியாகச் சாய்ந்து போனதால் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். சுழல் படிக்கட்டு திறந்திருந்தால் ஏறுங்கள். மேலே புழுக்கம் இன்னும் ஜாஸ்தி, ஆனால் பனை மட்டைகளை மேலிருந்து பார்க்கலாம்.

அப்புறம், ஜனவரியில் போகலாமா என்று கேட்டவருக்கு: அல்லிகள் வளரும் கண்ணாடி வீடு குளிர்காலத்தில் மூடியிருக்கும். பாலைவனம் முதல் மழைக்காடு வரை பத்து தட்பவெப்பம் வைத்திருக்கும் பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் கண்ணாடிக் கூடத்துக்குப் போங்கள், ஸ்வெட்டரை வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.